இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் எட்டுச் சொல்வகைகள்



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் மஃக்ரிபுக்குப் பிறகு, நமக்கு நன்கு தெரிந்த குடும்பம் ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. "ஹஜ்ரத், இவனுக்கு மத்த பாடமெல்லாம் போகுது. இங்கிலீஷ் கிராமர் மட்டும் ஏறவே மாட்டேங்குது. பத்தாவதுல ஃபெயிலாப் போயிடுவானோன்னு பயமா இருக்கு. அவன் வாப்பா சவூதியிலேர்ந்து தினமும் கேக்குறாங்க. பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிடலாமான்னு யோசிக்கிறோம்" என்றார் அந்தத் தாய். குரலில் அழுகை இருந்தது.

பையன் ஹிஃப்ழு முடித்து, இரண்டாண்டுகள் நஹ்வும் ஸர்ஃபும் ஓதி, அதன் பிறகே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவன். மறுநாள் அஸருக்குப் பின் வரச் சொன்னோம். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் என்றால் என்ன என்று கேட்டதும் எட்டு வகைகளையும் அவற்றின் வரைவிலக்கணங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்வெர்ப், அட்ஜெக்டிவ், ப்ரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். ஓர் எழுத்து பிசகவில்லை. ஹாஃபிழ் அல்லவா!

பிறகு ஒரு வாக்கியம் கொடுத்தோம்: "தி போட் லெஃப்ட் தி ஹார்பர் அட் நைட்." படகு இரவில் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. இதில் 'லெஃப்ட்' எந்த வகை? பையன் தன் இடது கையைப் பார்த்தான். "இடது... அட்ஜெக்டிவ் ஹஜ்ரத்" என்றான்.

நாம் எதுவும் சொல்லாமல் அதே செய்தியை அரபியில் சொன்னோம்: "ஃகரஜத்திஸ் ஸஃபீனத்து மினல் மீனாஇ லைலன்." தர்கீப் சொல் என்றோம். ஃகரஜத் ஃபிஃலு மாழி, அதிலுள்ள தா பெண்பாலைக் காட்டுவது, ஸஃபீனத்து ஃபாஇல், மின் ஹர்ஃபு ஜர், மீனாஇ மஜ்ரூர், லைலன் காலத்தைக் காட்டும் ளர்ஃபு. இரண்டே மூச்சில் முடித்துவிட்டான். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஓர் ஆங்கில வாக்கியத்தை இப்படிப் பிரித்துக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டோம். இவனுக்கு இலக்கணம் தெரியாமலில்லை. தெரிந்த இலக்கணத்தை ஆங்கிலத்தோடு இணைத்துக் காட்ட ஆளில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சொற்களை இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு என மூன்றாகப் பிரிப்பது நமக்குத் தெரிந்ததே. அலீ (ரலி) அவர்கள் அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்களுக்கு இந்தப் பிரிவைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நஹ்வு நூல்களில் ஒரு செய்தி உண்டு. எட்டாம் நூற்றாண்டின் ஸீபவைஹி தம் பெருநூலை இந்த மூன்றைக் கொண்டே தொடங்குகிறார். ஃபாஸ் நகரத்து இப்னு ஆஜுர்ரூம் (வஃபாத் ஹிஜ்ரி 723) எழுதிய ஆஜுர்ரூமிய்யா என்ற சிறு நூலும் அப்படியே. அந்த நூல்கள் செய்யும் ஒரு வேலையை மட்டும் கவனிக்க வேண்டும். வரைவிலக்கணத்தைச் சொல்லிவிட்டு விட்டுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் அலாமத், அதாவது அடையாளம் சொல்லித் தருகின்றன. அலிஃப் லாம் ஏற்றால், தன்வீன் ஏற்றால், ஜர் ஏற்றால் அது இஸ்மு. முன்னால் கத், ஸ, ஸவ்ஃப வந்தால் அது ஃபிஃலு. இவற்றில் எதையும் ஏற்காதது ஹர்ஃபு. பிள்ளை பொருள் தெரியாத சொல்லைக்கூட அடையாளத்தால் பிடித்துவிடுவான்.

ஆங்கிலத்துக்கும் இதே வழி உண்டு. ஒரு சொல்லுக்கு முன் 'தி' போட முடிகிறதா? பின்னால் 'எஸ்' சேர்த்துப் பன்மையாக்க முடிகிறதா? பெரும்பாலும் அது நவுன். முன்னால் 'வில்' போட முடிகிறதா? இறந்தகாலத்தில் உருமாறுகிறதா? அது வெர்ப். 'வில் லீவ்' என்று சொல்லலாம். அதன் இறந்தகாலம் 'லெஃப்ட்'. பையன் இடது கையைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பள்ளிக்கூடத்துக் கையேடுகள் பெரும்பாலும் இந்த அடையாளங்களை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் சொல்கின்றன. வெர்ப் என்றால் செயலைக் குறிக்கும் சொல் என்பார்கள். அப்படியானால் 'அரைவல்', அதாவது வருகை, செயல்தானே? அது ஏன் வெர்ப் இல்லை? இந்தக் கேள்விக்குப் பல வகுப்பறைகளில் பதில் கிடைப்பதில்லை. நஹ்வு ஓதியவனிடம் பதில் இருக்கிறது. ஃபிஃலு என்பது பொருளோடு மூன்று காலங்களில் ஒன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 'துஃகூல்' நுழைதலைக் குறித்தாலும் காலம் காட்டாது. ஆகவே அது மஸ்தர், இஸ்மின் குடும்பம். தமிழும் இதையே சொல்கிறது. வேற்றுமை உருபை ஏற்காமல் காலத்தோடு தோன்றுவது வினை என்பது தொல்காப்பியரின் கருத்து. 'வருகை' உருபை ஏற்கும்: வருகையை, வருகைக்கு. 'வந்தான்' ஏற்காது. எனவே வருகை தொழிற்பெயர். 'அரைவல்' நவுன்; 'அரைவ்ட்' வெர்ப். மூன்று மொழிகளுக்கும் ஒரே உரைகல்.

அப்படியானால் அரபிக்கு மூன்று, தமிழுக்குப் பெயர், வினை, இடை, உரி என நான்கு, ஆங்கிலத்துக்கு மட்டும் எட்டு ஏன்? எட்டு ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து அல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டயோனீசியஸ் த்ராக்ஸின் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணத்தில் சொற்கள் எட்டு வகை. கிரேக்கத்தில் 'தி' போன்ற ஆர்ட்டிகிள் உண்டு, லத்தீனில் இல்லை. லத்தீன் இலக்கணிகள் ஆர்ட்டிகிளை எடுத்துவிட்டு, வியப்புச் சொல்லைத் தனி வகையாக்கி, எட்டு என்ற எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த லத்தீன் சட்டையை ஆங்கிலத்துக்குப் பிற்காலத்தார் போட்டுவிட்டார்கள். அளவு சரியாகப் பொருந்தவில்லை. 1795-இல் வெளிவந்து உலகெங்கும் பள்ளிகளில் ஓதப்பட்ட லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது என்கிறது. இப்போதைய நூல்கள் 'தி', 'திஸ்', 'மை' போன்றவற்றை டிடெர்மினர் என்று தனியே வைக்கின்றன. ஆக, எட்டு என்பது கல்லில் வெட்டியது அல்ல என்று பிள்ளைக்குச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

இந்த லத்தீன் சட்டைக்கும் நம் கடற்கரைக்கும் ஓர் உறவு உண்டு. காயல்பட்டினத்துக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலுள்ள புன்னைக்காயலில், பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் வாழ்ந்தார். தமிழில் அன்றீக் அடிகளார் என்பார்கள். முத்துக்குளிக்கும் மக்களிடையே பணியாற்ற வந்தவர், தமிழைக் கற்க 1549 வாக்கில் ஓர் இலக்கணம் எழுதினார். அவர் கையிலிருந்த அளவுகோல் லத்தீனும் போர்ச்சுகீசியமும்தான். தமிழ்ப் பெயர்களை லத்தீன் வேற்றுமை வரிசையில் அடுக்கினார். தமிழ் வினைகளை லத்தீன் வினைபோல் வாய்பாடாக்கினார். பொருந்தாத இடங்களில் தமிழ் எப்படி வேறுபடுகிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு 1578-இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. அவருடைய மார்க்கம் வேறு, நோக்கம் வேறு. ஆனால் தெரிந்த மொழியின் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குள் நுழைந்த அந்த வழியை நம் பிள்ளைகள் ஏன் எடுக்கக் கூடாது? அவர் லத்தீனைப் பிடித்தார். நம் பிள்ளைகளிடம் தமிழும் அரபியும் இரண்டு இருக்கின்றன.

நம் கரையோரத்துக்கு அருகில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் வருவது தமிழில் பின்னால் வருகிறது என்பதைத் திராவிட மொழிகளின் அடையாளங்களில் ஒன்றாகக் காட்டுகிறார். (பழையகாயலில் மண்ணைக் கிளறி மார்க்கோ போலோ சொன்ன துறைமுகம் இதுதான் என்று எழுதியவரும் அவரே, அது வேறு கதை.) இந்த முன்னும் பின்னும்தான் நம் பிள்ளைகளை அதிகம் தடுக்கி விழ வைக்கிறது.

மூன்றை எட்டாக விரிப்பது எப்படி என்று பார்ப்போம். இஸ்மு என்ற ஒரே கூடையில் ஆங்கிலத்தின் நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ் மூன்றும் கிடக்கின்றன. ஸைத் என்பதும், ஹுவ என்ற ழமீரும், கபீர் என்ற ஸிஃபத்தும் நஹ்வில் இஸ்முகளே. பழைய லத்தீன் இலக்கணமும் அட்ஜெக்டிவைத் தனியாக எண்ணாமல் பெயரோடுதான் சேர்த்திருந்தது என்பதைக் கேட்டால் மதரஸா மாணவனுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஃபிஃலு என்பது வெர்ப். இதில் சிக்கல் குறைவு. ஹர்ஃபு இரண்டாகப் பிரியும். மின், இலா, ஃபீ போன்ற ஜர்ருடைய ஹர்ஃபுகள் ப்ரிபொசிஷன். வாவ், ஃபா, ஸும்ம போன்ற அத்ஃபுடைய ஹர்ஃபுகள் கன்ஜங்ஷன்.

அட்வெர்ப் மட்டும் ஒரே இடத்தில் அடங்காது. 'லைலன்' போன்ற ளர்ஃபும், 'முஸ்ரிஅன்' போன்ற ஹாலும் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் அட்வெர்ப் செய்கிறது. ஆனால் மேலே கண்ட வாக்கியத்தில் 'லைலன்' ஒரு சொல். ஆங்கிலத்தில் 'அட் நைட்' என்று ப்ரிபொசிஷனும் நவுனுமாக இரண்டு. ஃபவ்க, தஹ்த ஆகியவை நஹ்வில் இஸ்மு; அதே பொருளுள்ள 'அபவ்', 'அண்டர்' ஆங்கிலத்தில் பெரும்பாலும் ப்ரிபொசிஷன். இங்கே மொழிபெயர்த்து வகை கண்டுபிடிக்கக் கூடாது. ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் அடையாளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்டர்ஜெக்ஷன் பற்றி ஒரு வரி போதும். பெற்றோரிடம் சொல்லக் கூடாது என்று குர்ஆன் தடுத்த 'உஃப்' என்ற சொல்லை நஹ்வாளர்கள் இஸ்மு ஃபிஃல் என்கிறார்கள். ஆங்கில இலக்கணத்திடம் கொடுத்தால் அது இன்டர்ஜெக்ஷன் என்று சொல்லிவிடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எங்கே தமிழைப் பிடிப்பது, எங்கே அரபியைப் பிடிப்பது? அட்ஜெக்டிவுக்குத் தமிழைப் பிடிக்க வேண்டும். 'பெரிய படகு, பெரிய படகுகள்'. தமிழில் அடைமொழி முன்னால் நிற்கும், பன்மைக்காக மாறாது. ஆங்கிலமும் அப்படியே: 'பிக் போட், பிக் போட்ஸ்'. அரபியில் ஸிஃபத் பின்னால் வந்து, பால், எண் எல்லாவற்றிலும் முன்னுள்ளதைப் பின்பற்றும். அரபிப் பழக்கத்தில் எழுதினால் 'போட்ஸ் பிக்ஸ்' ஆகிவிடும். ப்ரிபொசிஷனுக்கு அரபியைப் பிடிக்க வேண்டும். தமிழில் 'கடலில்', 'கடலுக்கு' என்று உருபு வாலில் ஒட்டும். அரபியிலும் ஆங்கிலத்திலும் தலையில் நிற்கும்: 'ஃபில் பஹ்ரி', 'இன் தி சீ'.

'தி' விஷயத்தில் தமிழ் கைகொடுக்காது. அரபியின் அலிஃப் லாம் பாதி தூரம் வரும். 'அஷ்ஷம்ஸ்', 'தி சன்' இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் 'அஸ்ஸப்ர்' என்பதைப் பார்த்து 'தி பேஷன்ஸ் இஸ் குட்' என்று எழுதினால் தவறு. பொதுவாகப் பொறுமையைச் சொல்லும்போது ஆங்கிலம் 'தி' போடாது.

இரண்டு மொழிகளுமே நம்மைக் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. 'அவர் ஆசிரியர்' என்கிறோம். 'ஹுவ முஅல்லிமுன்' என்கிறோம். முப்ததா, ஃகபர், முடிந்தது. இரண்டிலும் வெர்ப் இல்லை. ஆங்கிலத்தில் வெர்ப் இல்லாமல் வாக்கியம் நிற்காது: 'ஹி இஸ் எ டீச்சர்.' நம் பிள்ளைகள் 'ஹி டீச்சர்' என்று எழுதிக் கொட்டை கொட்டையாகச் சிவப்பு மை வாங்குவதற்கு அறியாமை காரணமல்ல. இரண்டு மொழிகள் ஒன்றாகச் சேர்ந்து அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. ஜும்லா இஸ்மிய்யாவை ஆங்கிலமாக்கினால் நடுவில் 'இஸ்' அல்லது 'ஆர்' போடு என்று ஒரு முறை சொல்லிவைத்தால் போதும், மதிப்பெண் தானாக ஏறும்.

இன்னொரு வேறுபாடு. அரபிச் சொல் இஃராபை அணிந்திருக்கும். தமிழ்ச் சொல் உருபை அணிந்திருக்கும். ஆங்கிலச் சொல்லுக்குப் பெரும்பாலும் சீருடை கிடையாது. அது நிற்கும் இடத்தை வைத்துத்தான் யார் என்று சொல்ல முடியும். நமக்கு மிகவும் பழக்கமான 'ஃபாஸ்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'தி ஃபாஸ்ட் பிகின்ஸ் அட் டான்', நோன்பு ஃபஜ்ரில் தொடங்குகிறது: நவுன். 'வி ஃபாஸ்ட் இன் ரமலான்', நோன்பு நோற்கிறோம்: வெர்ப். 'எ ஃபாஸ்ட் போட்', வேகமான படகு: அட்ஜெக்டிவ். 'தி போட் மூவ்ஸ் ஃபாஸ்ட்', வேகமாகப் போகிறது: அட்வெர்ப். ஒரே சொல், நான்கு வேலை. காலை உணவான 'பிரேக்ஃபாஸ்ட்' என்பதும் நோன்பை முறிப்பது என்ற சேர்க்கையில் பிறந்ததே. அரபியில் காலை உணவை 'ஃபதூர்' என்பதும் இஃப்தாரின் வேரிலிருந்துதான். இதைச் சொன்னபோது பையன் முதன்முறையாகச் சிரித்தான்.

ஆகவே 'ஃபாஸ்ட் என்பது எந்த வகை?' என்று தனிச் சொல்லைக் கேட்பதே பிழையான கேள்வி. வாக்கியத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே என்று நினைப்பவர்களுக்காகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருவோம். ஏற்றுமதி செய்யும் ஒவ்வொருவர் கையிலும் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் என்ற பத்திரம் இருக்கும். அதில் 'ரிசீவ்ட் ஃபார் ஷிப்மென்ட்' என்று இருக்கலாம். 'ஷிப்ட் ஆன் போர்டு' என்று இருக்கலாம். இரண்டிலும் 'ஷிப்' இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தால் பணம் போகும். 'ஷிப்மென்ட்' நவுன், நம் மஸ்தரைப் போன்றது. சரக்கை ஏற்றுவதற்காகப் பெற்றுக்கொண்டோம் என்கிறதே தவிர, ஏற்றியாகிவிட்டது என்று சொல்லவில்லை. 'ஷிப்ட்' வினையிலிருந்து வந்தது. செயல் முடிந்துவிட்டது, சரக்கு கப்பலில் இருக்கிறது. எல்.சி. எனப்படும் கடன் பத்திரங்களுக்கு 2007 ஜூலை முதல் உலகெங்கும் நடைமுறையிலுள்ள யூ.சி.பி. 600 விதிகளின்படி, கப்பல் பத்திரத்தில் சரக்கு பெயர் சொன்ன கப்பலில் ஏற்றப்பட்டது தெரிய வேண்டும். வெறுமனே பெற்றுக்கொண்டதாக இருந்தால், ஏற்றப்பட்டது என்ற குறிப்பும் தேதியும் தனியே இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த காக்கா ஒருவர் இந்த வேறுபாடு தெரியாமல் பத்திரத்தை வங்கியில் கொடுத்து, அது திரும்பி வந்து, குறிப்புப் போட்டு வாங்குவதற்குள் வாங்குபவர் விலையைக் குறைத்துவிட்டார். அவர் பட்டதாரிதான்.

அதே பத்திரத்தில் 'செட் டு கன்டெய்ன்' என்று ஒரு தொடர் வரும். இன்னது உள்ளே இருப்பதாகச் சொல்லப்பட்டது என்று பொருள். சொன்னது யார்? சரக்கு அனுப்பியவர். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று கப்பல்காரர் நாசூக்காக ஒதுங்கிக்கொள்கிறார். இது நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. ஃபிக்ஹு நூல்களில் 'கீல' என்று, அதாவது 'சொல்லப்பட்டது' என்று ஃபிஃலு மஜ்ஹூலில் ஒரு கருத்து வந்தால் உஸ்தாத் என்ன சொல்வார்? அது பலவீனமான கருத்து, சாய்ந்துகொள்ளாதே என்பார். கப்பல் பத்திரத்திலும் அப்படியே.

நாம் ஓதிய காலத்தில் ஆங்கிலப் புத்தகத்தைக் கிதாபுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தோம். பட்டம் வாங்கியது பிறகு, தபால் வழியில். அப்போது யாராவது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் வீட்டிலுள்ள உம்மாமார்களிடம் கேட்கிறோம்: எட்டு வகைகளின் பட்டியலை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரியை எடுங்கள்; பிஸ்கட் உறையில் இருப்பது போதும். முதலில் இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு என்று மூன்றாகப் பிரிக்கட்டும். நஹ்வு ஓதாத பிள்ளையானால் பெயர், வினை, மற்றவை என்று பிரிக்கட்டும். மறுவாரம் இஸ்மை மூன்றாக்கட்டும், ஹர்ஃபை இரண்டாக்கட்டும். கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலம் தெரியாத தாயும் இதை நடத்தலாம். பிள்ளை 'ஏன்' என்று ஒரு காரணம் சொல்கிறானா என்று மட்டும் பாருங்கள்.

நம் பையன் ரமலானுக்கு முன்பே வாக்கியம் பிரிப்பதில் தேறிவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். பள்ளிக்கூடத்தை நிறுத்தும் பேச்சும் நின்றது. ஒரு நாள் தூத்துக்குடிக்குப் போய் வந்தவன் நேரே நம்மிடம் வந்தான். "ஹஜ்ரத், 'ஃபிஷிங் ஹார்பர்'னு போர்டு போட்டிருக்கு. ஃபிஷிங் 'தி'யும் ஏக்குது, வெர்ப் மாதிரியும் இருக்குது, ஹார்பருக்கு முன்னாடி அட்ஜெக்டிவ் எடத்துல வேற நிக்குது. அது என்ன?" என்றான்.

இழாஃபத்தைத் திருப்பிப் போட்டுப் பார் என்றோம். அரபியில் 'மீனாவுஸ் ஸைதி'. முழாஃப் முதலில், முழாஃப் இலைஹி பிறகு. ஆங்கிலத்தில் முழாஃப் இலைஹி முன்னால் வந்து நிற்கிறது. தமிழிலும் அப்படியே, மீன்பிடித் துறைமுகம். ஆக 'ஃபிஷிங்' ஒரு தொழிற்பெயர், நவுன். அட்ஜெக்டிவின் வேலையைச் செய்கிறது, அட்ஜெக்டிவ் ஆகிவிடவில்லை. 'வெரி ஃபிஷிங் ஹார்பர்' என்று சொல்ல முடியாதது அதற்கு ஓர் அடையாளம். கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்த நம் கடலின் பார்களை ஆங்கிலத்தில் 'பேர்ல் பேங்க்' என்று எழுதியிருப்பார்கள்; அதிலும் 'பேர்ல்' அப்படியே.

சிறிது நேரம் யோசித்தான். "அப்போ 'பேங்க்'ங்கறது இங்கே காசு போடுற பேங்க் இல்லையா ஹஜ்ரத்?" என்றான். இல்லை, பார் என்றோம். "ரெண்டும் நவுன்தானே, அடையாளத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதே" என்றான்.

அது அடுத்த வாரத்துப் பாடம் என்று சொல்லி அனுப்பிவைத்தோம். மஃக்ரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள்.